உப்பும் சர்க்கரையும் கொஞ்சம் கஞ்சியும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. காலையில் ஏறி, ஏரியைச் சுற்றிப் பார்த்து, ஆரஞ்சும் காபிப் பொடியும் வாங்கிக்கொண்டு மாலையில் இறங்கிவிடுகிறவர்களுக்கு அந்த வளைவுகள் ஒரு வேடிக்கை. மலையிலேயே குடியிருக்கிறவர்களுக்கு அவை வேடிக்கையல்ல. ஏற்காட்டைச் சார்ந்த மலை ஊராட்சிகளுள் ஒன்றின் பெயர் வாழவந்தி. எவ்வளவு மங்களகரமான பெயர்! காபித் தோட்டங்களும், மிளகுக் கொடி படர்ந்த மரங்களும், சாமையும் கேழ்வரகும் விளையும் மேட்டு நிலங்களும் கொண்ட அம்மலைப் பிரதேசத்தில், நடுநிசியில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டுவிட்டால் என்ன செய்வது? கீழே சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. வைத்தியக் கல்லூரி இருக்கிறது. ஆனால் இருட்டிலே, மழையிலே, அத்தனை வளைவுகளையும் கடந்து குழந்தை அங்கே போய்ச் சேரும்வரையில் அதன் உயிரைப் பிடித்து வைக்கவேண்டியது வீட்டிலுள்ள தாயாரும் பாட்டியுந்தான். அவர்கள் கைக்கு எட்டுகிற மருந்து எது என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

வயிற்றுப்போக்கைப் பற்றியா குடும்பப் பத்திரிகையில் எழுதுவது என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். 2024-ம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளில் வருஷந்தோறும் சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் பேர் இந்த வியாதியினால் மாண்டு போகிறார்கள். முகம் சுளிக்கத் தக்கது அந்தக் கணக்குத்தான்.

முதலில் நமது குடலின் வரவு செலவைச் சிறிது கவனிப்போம். ஒரு நாளில் நாம் குடிப்பதும் உண்பதுமாகச் சுமார் 2 லிட்டர் நீர் உள்ளே போகிறது. அதோடு உமிழ்நீர், இரைப்பை நீர், பித்த நீர், கணைய நீர், குடல் நீர் எல்லாம் சேர்ந்து இன்னும் 7 லிட்டர் ஊறுகிறது. ஆக 9 லிட்டர். இவ்வளவும் வெளியே போய்விட்டால் மனிதன் பிழைப்பானா? சிறுகுடல் பெரும் பகுதியை மீண்டும் இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. மீதியைப் பெருங்குடல் வாங்கிக்கொள்கிறது. கடைசியில் வெளியே போவது ஏறக்குறைய ஓர் ஆழாக்கு நீர்தான். காலராக் கிருமி வந்து புகுந்தாலோ இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும். கடுமையான வாந்திபேதியில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வீதங்கூட நீர் வெளியேறும். நோயாளியைக் கொல்வது கிருமியன்று. நீரும் உப்பும் வற்றிப்போவதுதான் கொல்கிறது.

இந்த உண்மை ஒன்றும் புதியதல்ல. 1831-ல் ஓஷாக்னஸி என்ற இளம் வைத்தியர் காலரா நோயாளிகளின் இரத்தத்தைப் பரிசோதித்து, அதில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டு சொன்னார். அடுத்த ஆண்டிலேயே ஸ்காட்லாந்தில் லாட்டா என்பவர் உப்பு நீரை நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்தார். ஆயினும் நரம்பில் ஏற்றுவதற்குச் சுத்தமான நீர் வேண்டும், ஊசி வேண்டும், தேர்ந்த கை வேண்டும். வாந்திபேதி பரவும் இடங்களில் பெரும்பாலும் இல்லாதவை இந்த மூன்றுந்தான். வாய் வழியாகவே நீரைக் கொடுத்தால் என்ன? 'குடிக்கக் குடிக்கப் போக்கு அதிகமாகும்' என்று படித்தவர்களும் சொன்னார்கள், படியாதவர்களும் சொன்னார்கள். 'லங்கணம் பரம ஔஷதம்' என்று ஒரு வசனத்தைத் துணைக்கு அழைத்து, தாகத்தால் துடிக்கும் குழந்தைக்குத் தண்ணீர் கொடாமல் வயிற்றைக் காயப்போடுவது வெகு காலமாக நம் வீடுகளில் நடந்துவந்தது. உண்ட மயக்கம் கொண்ட பெரியவருக்கு லங்கணம் நல்லதாயிருக்கலாம். வற்றிக்கொண்டிருக்கும் சிசுவுக்கு அது யமனுக்கு அனுப்பும் அழைப்பு.

இந்தத் தவற்றைத் திருத்தியதில் நமது தேசத்தாரின் பங்கு மிகப் பெரிது. கல்கத்தாவில் சம்புநாத் டே என்று ஒரு வைத்தியப் பேராசிரியர் இருந்தார். காலராக் கிருமி குடலின் சுவரை அரித்துவிடுகிறது என்றுதான் பலர் எண்ணியிருந்த காலம் அது. டே முயலின் குடலில் ஒரு சிறு துண்டை நூலால் இரு புறமும் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். துண்டு நீரால் உப்பிற்று. இது 1953-ல். பிறகு கிருமியை முழுவதும் வடிகட்டி நீக்கிவிட்டு, அது வளர்ந்திருந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பிற்று! ஆகவே குற்றவாளி கிருமி கக்குகின்ற ஒரு நஞ்சு என்று 1959-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். குடலின் சுவர் உடைவதில்லை, அதன் மடைகளைத் திறந்துவிடுகிறது நஞ்சு, அவ்வளவுதான். நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க், டேயின் பெயரை நோபல் பரிசுக்குச் சிபாரிசு செய்தார். பரிசு கிட்டவில்லை. 1985-ல் டே காலமானபோது அவர் பெயரை அறிந்திருந்த இந்தியர்கள் எத்தனை பேர்? இன்றுதான் எத்தனை பேர்? நம் பாடப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கும் நேயர்கள் தாங்களே விடை கண்டுகொள்ளலாம்.

டே முயலின் குடலை ஆராய்ந்துகொண்டிருந்த அதே 1953-ல், அதே கல்கத்தாவில், ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற வைத்தியர் 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுகோஸும் கலந்த நீரை வாய் வழியாகவே கொடுத்துக் குணப்படுத்தியதை லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார். வாந்தியை நிறுத்த ஒரு மாத்திரையும், போக்கைக் கட்டுப்படுத்த நம் கொல்லைப்புறத்துக் கற்பூரவல்லிச் சாறும் அவர் உபயோகித்தார். நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் முறைப்படி அந்தச் சிகிச்சை நடைபெறவில்லை. ஏன் பலித்தது என்ற காரணமும் அன்று விளங்கவில்லை. ஆகவே உலகம் அதைக் கவனியாமல் விட்டுவிட்டது.

காரணம் 1960-ல் விளங்கிற்று. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அவ்வாண்டு பிராக் நகரத்தில் கூடிய விஞ்ஞானிகளின் முன் ஒரு கருத்தை வெளியிட்டார். சிறுகுடலின் சுவரில் ஒரு விசேஷ வாசல் உண்டு. உப்பிலுள்ள சோடியமும் குளுகோஸும் ஜோடியாக வந்தால்தான் அந்த வாசல் அவற்றை உள்ளே விடும். தம்பதிகளை மாத்திரம் அனுமதிக்கும் பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்! ஜோடி உள்ளே போகும்போது, அதன் பின்னாலேயே நீரும் இழுபட்டுப் போகிறது. இதில் அதிசயம் என்னவெனில், காலராவின் நஞ்சு எத்தனையோ மடைகளைத் திறந்துவிட்டாலும் இந்த வாசலை மட்டும் மூடுவதில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் வெளியே போய்விடும். உப்புத் தண்ணீர் மாத்திரம் கொடுத்தாலும் அப்படியே. சர்க்கரையையும் உப்பையும் அளவோடு சேர்த்துக் கொடுத்தால் நீர் தேகத்தில் தங்கும். 1968-ல் டாக்காவில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் காலரா நோயாளிகளிடமே இதைச் சோதித்து உறுதிப்படுத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் உறுதிப்பட்டது அகதி முகாமில் பலிக்குமா? 1971-ல் வங்காள தேசத்து யுத்தத்தின்போது லட்சக்கணக்கான மக்கள் எல்லையைத் தாண்டி வந்து குவிந்தார்கள். எல்லையருகே பொங்கான் என்ற ஊரில் வாந்திபேதி தாண்டவமாடிற்று. அங்கே போன டாக்டர் திலீப் மகலாநபிஸ் கண்டது, இரண்டு அறைகளின் தரை முழுவதும் படுத்துக் கிடந்த நோயாளிகள். நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துகொண்டே வந்தது. ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து, பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்து, 'விடாமல் குடிப்பாட்டுங்கள்' என்று சொல்லிவிட்டார். சலைன் என்ற பெயருக்கு மக்களிடையே மதிப்பு உண்டல்லவா? அதனால் இதற்கு 'வாய் வழி சலைன்' என்று பெயரிட்டார். ஒரு லிட்டருக்கான சாமான்களின் விலை 11 பைசா! முகாமில் நூற்றுக்கு 30 வரை எட்டியிருந்த மரணம், இந்தச் சிகிச்சை பெற்ற 3,700-க்கு மேற்பட்டவர்களிடையே நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது. தாய்மார்களும் சகோதரர்களும் நர்ஸுகளாகி நடத்திக்காட்டிய ஆராய்ச்சி இது. 2022-ல் மகலாநபிஸ் காலமானார். மறு ஆண்டு பத்மவிபூஷண் விருது அவர் பெயருக்கு வந்தது, அவர் வாங்கிக்கொள்ள முடியாத காலத்தில்.

இதுவரை வங்காளத்தின் கதை. இனி நம் தமிழ்நாட்டின் பங்குக்கு வருவோம். சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே இருக்கும் வேலூரில், ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஆரம்பித்த வைத்தியசாலை பிற்காலத்தில் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியாக வளர்ந்தது. 1960 முதல் 1962 வரையில் அதைச் சுற்றிய வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஒரு விசித்திரமான வயிற்றுப்போக்குப் பரவிற்று. சாதாரணப் பேதியைப்போல் நாலு நாளில் அது நிற்கவில்லை. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் நீடித்தது. நாக்குப் புண்ணாகும், சோகை பிடிக்கும், தேகம் இளைத்து எலும்பாகும். 'ஸ்ப்ரூ' என்பது இதன் பெயர். நம் நாட்டு வைத்தியர்கள் கிராணி என்று சொல்லிவந்ததற்கு நெருங்கிய வியாதி. ஸெல்வின் பேக்கர் என்ற ஆஸ்திரேலிய வைத்தியரும், அவருடன் உழைத்த வி. ஐ. மாத்தனும் கிராமங்களுக்கே போய் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். குழாயின் நுனியில் பொருத்திய ஒரு சிறு குளிகையை விழுங்கச் செய்து, குடலின் உட்சுவரில் கடுகளவு துணுக்கை எடுத்து, பூதக் கண்ணாடியில் பார்த்தார்கள். ஆரோக்கியமான குடலில் விரல்களைப்போல் நீண்டிருக்கவேண்டிய நுண்ணிய உறிஞ்சிகள், நோயாளிகளிடம் மழுங்கிப் போயிருந்தன. உண்ட கொழுப்பும் உயிர்ச்சத்துக்களும் தேகத்தில் ஒட்டாமல் வெளியேறியதன் காரணம் அதுவே.

ஆனால் அதைவிட யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. நோயே இல்லை என்று சொல்லத்தக்க கிராமத்தாரின் குடலை ஆராய்ந்தபோதும், அந்த உறிஞ்சிகள் ஓரளவு மழுங்கியே காணப்பட்டன. அசுத்தமான நீரும் அசுத்தமான சூழ்நிலையும் பிறந்தது முதல் குடலை மெல்ல மெல்லத் தாக்கி வருவதன் அடையாளம் அது. நல்ல உணவு உண்டும் குழந்தை ஏன் தேறவில்லை என்று ஏங்கும் தாய்மாருக்கு, விடையின் ஒரு பகுதி கிணற்றடியிலும் ஊற்றடியிலும் இருக்கிறது.

சிறுகுடலைப் பற்றி இவ்வளவு கற்றபின், வேலூர் ஆராய்ச்சி பெருங்குடலின் பக்கம் திரும்பிற்று. ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் கவனியாது விட்ட உறுப்பு அது. எத்தனை சாமர்த்தியசாலி தெரியுமா? சாதாரண நாட்களில் ஒன்றரை லிட்டர் நீரை வாங்கும் பெருங்குடல், அவசியம் நேர்ந்தால் நாலைந்து லிட்டர் வரையில் வாங்கவல்லது. அதற்குக் கூலி மட்டும் ஒழுங்காகக் கொடுக்கவேண்டும். அந்தக் கூலி எது? நாம் உண்ணும் மாவுச்சத்தில் சிறுகுடலில் ஜீரணமாகாத ஒரு பகுதி பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே குடியிருக்கும் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்துச் சிலவகை அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களை உண்டுதான் பெருங்குடலின் சுவர் வேலை செய்கிறது. சோடியத்தையும் நீரையும் உறிஞ்சுகிறது. கடும் வயிற்றுப்போக்கில் பெருங்குடலின் உறிஞ்சும் திறமை குன்றிவிடுகிறது என்றும், இந்த அமிலங்களை அங்கே சேர்த்தால் திறமை மீள்கிறது என்றும் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் மாத்தனும் 1993-ல் எழுதினார்கள்.

அப்படியானால் உப்புச் சர்க்கரை நீரிலேயே ஜீரணமாகாத மாவைக் கலந்து கொடுத்தால் என்ன? சிறுகுடலின் வாசலுக்குச் சர்க்கரை. பெருங்குடலின் கூலிக்கு மாவு. ராமகிருஷ்ணா, ஆஸ்திரேலியாவின் கிரேம் யங், அமெரிக்காவின் ஹென்றி பைண்டர் முதலியோருடன் சேர்ந்து வேலூரில் 48 காலரா நோயாளிகளை மூன்று பிரிவாக்கிச் சோதித்தார். ஒரு பிரிவுக்கு வழக்கமான நீர். இரண்டாவதற்கு அதனுடன் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவதற்கு 50 கிராம், எளிதில் ஜீரணமாகாத ஒருவகை மக்காச்சோள மாவு. வழக்கமான நீர் அருந்தியவர்களுக்குப் பேதி சராசரி 91 மணி நேரம் நீடித்தது. அரிசி மாவு சேர்ந்தவர்களுக்கு 71 மணி. மக்காச்சோள மாவு சேர்ந்தவர்களுக்கு 57 மணி! ஒன்றரை நாளுக்குக் கொஞ்சம் குறைவான கால லாபம். 2000-ம் ஆண்டில் அமெரிக்காவின் பிரபல வைத்தியப் பத்திரிகையான 'நியூ இங்கிலண்ட் ஜர்ன'லில் இது வெளியாயிற்று. பிறகு சிறு குழந்தைகளிடமும் சோதனை நடத்தி, 2006-ல் இதே விதமான நற்பலனை அவர்கள் அறிவித்தார்கள்.

இதைப் படித்ததும், 'எங்கள் பாட்டி கஞ்சி கொடுத்தாளே, அதைத்தானே இவர்கள் சொல்கிறார்கள்?' என்று நேயர்கள் கேட்பீர்கள். நானும் அப்படிச் சொல்லிப் பெருமைப்பட ஆசைப்படுகிறேன். பாதி உண்மைதான். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி குடலுக்கு இதம்; அதிலுள்ள மாவு சிறுகுடலில் குளுகோஸாகப் பிரிந்து அந்த விசேஷ வாசலையும் திறக்கிறது. வடித்த சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி இறுகி, எளிதில் ஜீரணமாகாத வகையாக மாறுகிறது என்பதும் உண்மை. ஆனால் வேலூரில் சோதித்தது அளந்து கலந்த மாவை. பழைய சோற்றையன்று, கேழ்வரகுக் களியையும் அன்று. பேதி கண்ட குழந்தைக்கு இரவெல்லாம் ஊறிய நீராகாரத்தைக் கொடுத்துவிட்டு, விஞ்ஞானம் சொல்லிற்று என்று சாதிப்பது தகாது. ஊற வைத்த தண்ணீர் அசுத்தமானால் நோய் இரட்டிக்கும். அப்போதே காய்ச்சிய கஞ்சியே உத்தமம். சாமைக் கஞ்சியானாலும் சரி, அரிசிக் கஞ்சியானாலும் சரி, உப்புச் சர்க்கரை நீருக்கு அது துணை; அதற்குப் பதில் அல்ல.

இனி மலையிலுள்ள வீட்டுக்கும் பட்டணத்து வீட்டுக்கும் பொதுவான விவரங்கள். கடைகளிலும் அரசாங்க சுகாதார நிலையங்களிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் இப்போது இருப்பது 2002-ல் திருத்தி அமைத்த கலவை. லிட்டருக்கு 13.5 கிராம் குளுகோஸ், 2.6 கிராம் உப்பு, மற்றும் பொட்டாசியம், சிட்ரேட் உப்புக்கள், மொத்தம் 20.5 கிராம். பொட்டலத்தின்மேல் எவ்வளவு நீரில் கரைக்கச் சொல்லியிருக்கிறதோ அவ்வளவிலேயே கரைக்கவேண்டும். குழந்தை சிறியதாயிற்றே என்று கால் பொட்டலத்தை ஒரு டம்ளரில் போடுவது ஆபத்து. பொட்டலம் இல்லாவிடில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில், தேக்கரண்டியால் தலை தட்டிய சர்க்கரை 6, உப்பு அரை. உப்பு அதிகமாகக் கூடாது. கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்பது நல்ல அடையாளம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்கும் பின் 50 முதல் 100 மில்லிலிட்டர். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கரைத்த நீரை மறு நாளைக்கு வைக்கக் கூடாது. 10 முதல் 14 நாள் வரை துத்தநாக மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பது 2004 முதல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. குழந்தையின் கண் குழி விழுந்தாலும், துவண்டு போய்க் குடிக்க மறுத்தாலும், சிறுநீர் நின்றாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும். போகிற வழியிலும் நீரைக் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். அந்த 20 வளைவுகளில் குழந்தையைக் காப்பது அதுதான்.

ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துக்களைப் போட்டுக்கொண்டு, வர்ணமும் பழ வாசனையும் மிகுந்த சர்க்கரைப் பானங்கள் பல வருஷம் கடைகளில் விற்றன. சர்க்கரை அதிகமான நீர் போக்கை அதிகமாக்கும். உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2025 அக்டோபரில்தான் அந்த எழுத்துக்களை இப்படிப்பட்ட பானங்களின்மேல் அச்சிடக்கூடாது என்று உத்தரவிட்டார்கள்.

11 பைசாவில் நிரூபணமான மருந்து ஐம்பது வருஷத்துக்குமேல் கையில் இருந்தும், 2019-லிருந்து 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். பெற்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 61 பேர்தான். ஏன் இப்படி? கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2024-ல் வெளியாயிற்று. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேதி என்று சொல்லிக்கொண்டு, பயிற்சி பெற்ற சிலர் 2,000-க்கு மேற்பட்ட வைத்தியர்களிடம் சாதாரண மனிதர்களைப்போலவே போனார்கள். வைத்தியருக்குத் தெரியாததாலா, கடையில் சரக்கு இல்லாததாலா, லாபம் இல்லாததாலா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று வெளிப்பட்டது. ஜனங்களுக்கு இந்த உப்பு நீரில் நம்பிக்கை இல்லை, ஊசியோ கடுமையான மாத்திரையோ கொடுத்தால்தான் திருப்தி அடைவார்கள் என்று வைத்தியர்கள் நினைத்திருந்தார்கள். வீடுகளில் போய் விசாரித்தபோதோ, உப்பு நீரையே விரும்பியவர்கள் வைத்தியர்கள் எண்ணியதைவிட வெகு அதிகம். விருப்பம் எதுவும் சொல்லாமல் போனவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்தவர்கள் நூற்றுக்கு 28 வைத்தியர்கள். 'உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுங்கள்' என்று வாயைத் திறந்து கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் நூற்றுக்கு 55.